வேடமும் ஆளும்

'வேடம்' என்னும் சொல்லைத் தமிழர் இருவகையாய் வழங்கி வந்துள்ளனர். ஒருவரைப் பழிக்க வேண்டுமெனில் 'வேடதாரி' என்கிறோம். அவரது பொய் வெளிப்பட்டால் 'வேடம் கலைந்தது' என்கிறோம். அதே நாவால், விடிய விடிய ஆடிய கூத்துக் கலைஞரைப் பார்த்து, 'வேடம் கட்டுவதில் இவருக்கு இணை யார்?' என்றும் வியக்கிறோம். பொய்க்கும் அதே சொல், கலைக்கும் அதே சொல்.

நற்செய்தியை வாசிக்கும் நமக்கோ இச்சொல் இன்னும் கூர்மையானது. மறைநூல் அறிஞரையும் பரிசேயரையும் ஆண்டவர் கடிந்துகொண்ட சொல்லை நம் திருவிவிலியம் 'வெளிவேடக்காரர்' என்று பெயர்க்கிறது. அதன் கிரேக்க மூலச் சொல் முதலில் குறித்தது மேடை நடிகனைத்தான். உள்ளம் ஒன்றாகவும் முகம் வேறாகவும் வாழ்பவனுக்கு நடிகனின் பெயரையே ஆண்டவர் சூட்டினார் என்றால், வேடமிடுவதையே அவர் விலக்கினாரா? அல்லது வேடத்தைக் கலைக்க மறுப்பதை மட்டும் விலக்கினாரா? அண்மைக் காலமாக நம் இளைஞரிடையே பரவிவரும் ஒரு வழக்கம் இக்கேள்வியை நம் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்துவிட்டது.

வழக்கமும் அதன் வரலாறும்

2024 பிப்ரவரி 17, 18 ஆகிய நாட்களில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 'காமிக் கான்' எனும் விழா சென்னையில் முதன்முறையாக நடைபெற்றது. 2025 பிப்ரவரியில் அது மீண்டும் கூடியது. தில்லியில் 2011இல் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவிய விழா இது. படக்கதை, ஜப்பானிய அசைபடம், கணினி விளையாட்டு, திரைப்படம் ஆகியவற்றின் அன்பர்கள் அங்கே திரள்கின்றனர். அவர்களுள் பலர் தாம் விரும்பும் கதைமாந்தரைப் போலவே உடையும் கவசமும் முடியும் அணிந்து வருகின்றனர். இதற்குக் 'காஸ்பிளே' என்று பெயர். உடை, விளையாட்டு என்னும் பொருள்தரும் இரு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து, ஜப்பானியரான நொபுயுக்கி தக்காஹாஷி 1983இல் இதழொன்றில் எழுதியதால் பரவிய சொல் இது. வழக்கம் சொல்லைவிடப் பழையது. 1939இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரெஸ்ட் அக்கர்மன் என்னும் இளைஞரும் மிர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணியும் எதிர்கால மனிதரின் உடையில் வந்தனர். இருவர் உடையையும் தைத்தவர் அப்பெண்மணியே.

நமக்கு இது முற்றிலும் அந்நியமன்று. சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் வழியே 'இரும்புக்கை மாயாவி'யை அறிந்த தலைமுறை நம்முடையது. துண்டைத் தோளில் முடிந்துகொண்டு பறந்து பார்த்தவர்களும், கையில் தகரத்தைச் சுற்றிக்கொண்டு மறைந்துவிட்டதாக எண்ணிக்கொண்டவர்களும் நம்மில் எத்தனை பேர்! தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த எம்.ஜி.ஆர். வேடத்தாரை அரசியல் கூட்டங்களில் கண்டு கைதட்டிய மக்களும் நாமே. ஆகவே, 'இக்காலத்துப் பிள்ளைகள்' என்று தொடங்கும் வழக்கமான புலம்பலுக்கு இங்கே இடமில்லை.

ஒரு தாயின் முறையீடு

நம் வட்டாரத்து அன்பியக் கூட்டம் ஒன்றின் முடிவில் தாய் ஒருவர் நம்மிடம் முறையிட்டார். அவருடைய மகன் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை செய்பவன். இரண்டு மாதங்களாக மாலை வேளைகளில் அறையைப் பூட்டிக்கொண்டு நுரைத்தாளை வெட்டுவதும் ஒட்டுவதும் சாயம் பூசுவதுமாக இருந்திருக்கிறான். "சம்பளத்தை எல்லாம் ஃபோம் ஷீட்டுல கொட்டுறான் சாமி. யாரோ ஜப்பான்காரன் வேசமாம். அதைப் போட்டுக்கிட்டு ரயில் ஏறி மெட்ராசுக்குப் போறானாம். இது பாவமில்லையா?" என்பது அவர் கேள்வி.

அவன் செய்துகொண்டிருந்த கவசத்தைப் போய்ப் பார்த்தோம். தோளில் அடுக்கடுக்காக இறங்கும் தகடுகள், மணிக்கட்டுக் காப்பு, இடைவார் என யாவும் இரும்பெனவும் தோலெனவும் கண்ணை நம்பவைத்தன. தொட்டுப் பார்த்தால் நுரை! 'ஈ.வி.ஏ.' எனப்படும் அந்த நுரைத்தாள் ஆம்பூர்க்காரருக்குப் புதிதன்று; காலணியின் அடிப்பாகத்தில் மெத்தென்று இருப்பது பெரும்பாலும் அதுவே. வெட்டும் முனையைச் சரிவாகச் சீவுவது, இருபுறமும் பசை தடவிச் சற்றுக் காயவிட்டு ஒரே அழுத்தாக ஒட்டுவது, சூடேற்றி வளைப்பது ஆகிய எல்லாம் அவன் பட்டறையில் கற்ற கைவேலை. உலகின் பிற இடங்களில் காஸ்பிளே அன்பர்கள் படம் பார்த்துப் பழகும் நுட்பம் நம் வட்டாரப் பிள்ளைக்குக் கைவந்த தொழிலாக இருக்கிறது.

அத்தாய்க்கு நாம் கூறிய விடை சுருக்கமானது: செய்வது பாவமன்று, ஆனால் அது நல்ல வேடமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையின்படியே இக்கட்டுரை.

நம் மண்ணின் உரைகல்

ஒரு வேடம் நல்லதா அல்லதா என்று காண நம்மிடம் உரைகல் இல்லாமல் இல்லை. பழைய வட ஆற்காடு மாவட்டம் தெருக்கூத்தின் தாயகங்களுள் ஒன்று. செய்யாற்றுப் பகுதியிலுள்ள புரிசை ஊரின் கூத்து மரபு தமிழகம் அறிந்தது. கண்ணப்பத் தம்பிரானின் பெயரை அறியாத நாடக ஆர்வலர் இல்லை. கூத்தில் அரச வேடம் கட்டுபவர் மாலையிலேயே அமர்ந்துவிடுகிறார். முகத்தில் அரிதாரம் ஏறுகிறது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகிய மரக்கட்டை அணிகள் ஒவ்வொன்றாய்க் கட்டப்படுகின்றன. கைத்திரைக்குப் பின்னிருந்து பாடியும் ஆடியும் அவர் வெளிப்படும்போது, பகலில் ஏர் பிடித்தவரையோ கூலி வேலை செய்தவரையோ ஊர் காண்பதில்லை, துரியோதனனையே காண்கிறது. அவ்வேடம் விடியும்வரை பேச வேண்டும், பாட வேண்டும், கட்டியக்காரனின் கேலிக்கு மறுமொழி சொல்ல வேண்டும், வீழவும் வேண்டும்.

தென்கோடியில் குலசேகரன்பட்டினத்துத் தசராவைப் பாருங்கள். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்ட அடியார் காளியாகவும் அரசனாகவும் குரங்காகவும் குறவனாகவும் வேடமிடுகின்றனர். பல நாள் விரதமிருந்து, அந்த வேடத்திலேயே வீடு வீடாகக் காணிக்கை கேட்டு, அதனைக் கோயிலில் சேர்க்கின்றனர். பணமுள்ளவரும் தட்டை ஏந்தி வாசலில் நிற்க வேண்டும் என்பது அதில் அடங்கிய பாடம். நமக்கு அண்மையிலுள்ள குடியாத்தத்தில், வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் புலியாட்டமும் சிலம்பமும் முன்செல்ல, அம்மனின் தலை கொண்டுவரப்பட்டுச் சண்டாளப் பெண்ணின் உடலில் பொருத்தப்படுகிறது. இந்த நம்பிக்கைகள் நம்முடையவை அல்ல. எனினும், உயர்ந்ததெனக் கருதப்பட்ட தலையையும் தாழ்ந்ததெனத் தள்ளப்பட்ட உடலையும் ஒன்றாக்கி ஆண்டுதோறும் ஊர் நடுவே நிறுத்தும் சடங்கில், சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு என்பதை மறுக்க இயலாது.

இவற்றிலிருந்து மூன்று அளவைகளைப் பெறலாம். நல்ல வேடம் அணிபவரிடம் ஒரு விலை கேட்கும். அது ஒரு கதையைச் சொல்லும். உரிய வேளையில் அது கலையும்.

கோலம் உண்டு, கூத்து இல்லை

முதல் அளவையில் காஸ்பிளே தேறுகிறது. அதுவும் தானே செய்து அணிபவரிடத்தில் நன்றாகவே தேறுகிறது. பல வார உழைப்பு, துல்லியம், பொறுமை, தோல்வியுற்ற வெட்டுகளைத் தூக்கியெறிந்து மீண்டும் தொடங்கும் மனத்திண்மை ஆகியன இதில் உண்டு. கடையில் ஆயத்தமாய்க் கிடைப்பதை வாங்கி அணிந்து வருவோரும் உண்டு. அவர்கள் செலுத்துவது பணம் மட்டுமே. இவ்விரு சாராரையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது.

இரண்டாம் அளவையில்தான் நம் குறை தொடங்குகிறது. இவ்விழாக்களில் வேடமிட்டவர் பெரும்பாலும் செய்வது நிற்பது. ஒருவர் படம் எடுத்துச் செல்ல, அடுத்தவர் வருகிறார். மேடைப் போட்டியில் சில நிமிடம் நடித்துக் காட்டுவோர் உண்டு. ஏனையோரின் வேடம் நிழற்படக் கருவியின் முன் முடிந்துவிடுகிறது. தன் நண்பனுக்காக உயிரையே பணயம் வைக்கும் வீரனின் உடையை அணிந்தவர், அவ்வீரனைப் போல ஒரு சொல் பேசவும் ஒரு பாரத்தைச் சுமக்கவும் அங்கே வாய்ப்பில்லை. கோலம் உண்டு, கூத்து இல்லை. குலசையின் காளி கையேந்தி நடக்கிறாள். புரிசையின் துரியோதனன் விடியலில் வீழ்கிறான். நந்தம்பாக்கத்து வீரனுக்கோ செயலும் இல்லை, முடிவும் இல்லை.

இதனோடு சேர்ந்த மற்றொன்று: இக்கதைமாந்தர் யாவரும் பெருநிறுவனங்களின் உடைமை. அருச்சுனனை எவரும் விலைக்கு வாங்கி உரிமை கொண்டாட இயலாது. ஊர்தோறும் அவன் கதையை மாற்றிப் பாடலாம். காஸ்பிளே வீரனோ வணிக முத்திரை பெற்றவன். அவனை விற்கும் கடைகள் அதே அரங்கில் வரிசையாய் நிற்கின்றன. தன் கைப்பொருளைச் செலவிட்டுக் கவசம் செய்தவன், அறியாமலேயே அந்நிறுவனத்தின் நடமாடும் விளம்பரமாகவும் ஆகிறான். இதை அவன் அறிந்திருத்தல் நலம்.

பாராட்ட வேண்டியதையும் கூறிவிடுவோம். 2014இல் நியூயார்க் காமிக் கான் விழாவில், வேடம் அணிந்திருப்பது ஒருவரைத் தொடுவதற்கோ கேளாமல் படமெடுப்பதற்கோ இசைவு ஆகாது என்னும் அறிவிப்பு பெரிதாக வைக்கப்பட்டது. பின்னர் அது பல நாட்டு விழாக்களில் நெறியாயிற்று. உடையை வைத்துப் பெண்ணை எடைபோடும் நம் தெருக்களும், ஏன், நம் திருவிழாக் கூட்டங்களும் இந்நெறியைக் கற்றுக்கொண்டால் நன்று.

நம் மாறுவேடப் போட்டிகள்

பிறரை அளந்த அளவையால் நம்மையும் அளக்க வேண்டுமன்றோ? பங்குத் திருவிழாவை ஒட்டி மாறுவேடப் போட்டி நடவாத பங்கு எது? நீலக் கரையிட்ட வெண்சேலையில் ஐந்து வயது அன்னை தெரேசா. ஒட்டுத்தாடியுடன் புனித சூசையப்பர். மூங்கில் சிலுவையுடன் புனித சவேரியார். வாடகைக்கு எடுத்த உடை, மனப்பாடமாய் இரு வாக்கியம், ஒரு பரிசுக் கோப்பை, ஒரு நிழற்படம். அச்சிறுமி அன்று கல்கத்தாவின் சாலையோரத்தில் கிடந்தவர்களைப் பற்றி ஏதேனும் அறிந்தாளா? உடையை மடித்துக் கொடுத்தபின் அவளிடம் மிஞ்சியது என்ன? இங்கும் கோலம்தான் உண்டு. ஜப்பானிய வீரனின் கதையை முதல் அத்தியாயத்திலிருந்து சொல்லத் தெரிந்த இளைஞனிடம், தாம் அணிந்த புனிதரின் வரலாற்றை அறியாத நம் குழந்தைகளை நிறுத்திப் பார்த்தால், வெட்கப்பட வேண்டியவர் அவன் அல்லன்.

இதற்கு மாறான காட்சியும் நம்மிடமே உண்டு. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையை நடித்துக் காட்டும் பங்குகளில், உரோமைப் போர்வீரரின் கவசத்தை அட்டையாலும் வெள்ளித்தாளாலும் செய்பவர் இதே இளைஞர்களே. அங்கே அவர்கள் நிற்பதில்லை. வெயிலில் நடக்கிறார்கள், விழுகிறார்கள், அடிக்கவும் அழவும் வேண்டியிருக்கிறது. செருமனியின் ஓபரம்மர்காவ் ஊரார் கொள்ளைநோய்க் காலத்தில் 1633இல் நேர்ந்துகொண்டு, 1634 முதல் பாடுகளின் நாடகத்தை நடத்தி வருகின்றனர். 2020இல் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2022இல் நடந்தது. அங்கு நடிப்பவர் ஒட்டுத்தாடி வைப்பதில்லை. முந்திய ஆண்டின் திருநீற்றுப் புதன் முதலே முடியையும் தாடியையும் வளர்க்கத் தொடங்குகின்றனர். ஓராண்டுக்கு மேலாகக் கடையிலும் வயலிலும் அந்த முகத்தோடே வாழ்கின்றனர். வேடம் அவர்களுள் வேர்விடுவதற்குக் காலம் கொடுக்கிறார்கள்.

முகமூடியிலிருந்து ஆளுக்கு

கார்த்தேஜ் நகரின் தெர்த்துல்லியன் நாடகங்களையும் காட்சிகளையும் கடுமையாய்க் கண்டித்து நூல் எழுதினார். வேடிக்கை என்னவெனில், தந்தை, மகன், தூய ஆவியைக் குறிக்க 'பெர்சோனா' என்னும் இலத்தீன் சொல்லை நம் இறையியலுக்கு வழங்கியவரும் அவரே. இன்று நாம் 'ஆள்' என்று பெயர்க்கும் அச்சொல் நடிகரின் முகமூடியையும் குறித்தது. மேடையைத் தள்ளியவரின் கையாலேயே மேடையின் சொல் மறைபொருளின் சொல்லாயிற்று.

திருச்சபையின் நினைவில் ஜெனேசியுஸ் என்னும் நடிகர் உண்டு. தியோக்கிளேசியன் மன்னனின் காலத்தில், கிறிஸ்தவரை எள்ளி நகையாட மேடையில் திருமுழுக்குப் பெறுபவனாக நடித்தபோது, மெய்யாகவே நம்பிக்கை கொண்டு உயிர்துறந்தார் என்பது மரபு. நடிகர்களின் பாதுகாவலராக அவரைப் போற்றுகிறோம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி துறவியின் காவியைத் தரித்தபோது அதை வேடம் என்று உடன்குருக்களே பழித்தனர். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அவர் முறைக்கு இசைவளித்தார். அவரது காவி உணவையும் மொழியையும் நாளின் ஒவ்வொரு நாழிகையையும் மாற்றிய காவி. அதே காவி சாதியின் எல்லைக்கோட்டையும் ஏற்றுக்கொண்டது என்னும் வருத்தமும் நமக்கு உண்டு. நாசிகளின் ஆட்சியில் 1941இல் கிராக்கோவ் நகரில் மறைவாக நாடகம் நடித்த இளைஞர் குழுவில் கரோல் வொய்த்திவா இருந்தார். உடையும் காட்சியமைப்பும் மிகக் குறைவு, சொல்லே முதன்மை. பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாகி 1999இல் கலைஞர்களுக்கு மடல் எழுதியவர் அவரே.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, திருமுழுக்குப் பெற்றோர் கிறிஸ்துவை அணிந்துகொண்டோர் என்று கலாத்தியருக்கு எழுதுகிறார் திருத்தூதர் பவுல். உடையின் உருவகத்தை அவர் அஞ்சவில்லை. முதலில் நாம் அணிகிறோம். பின்னர், அணிந்ததற்கு ஏற்ப வளர்கிறோம். குழந்தைக்குப் போர்த்தும் வெண்ணாடையின் பொருள் அதுவே. வெளிவேடக்காரரின் குற்றம் அணிந்தது அன்று. அணிந்ததற்குள் வளர மறுத்தது.

"நீங்களே செய்தீர்களா?"

இனி, அந்த இளைஞனிடம் திரும்புவோம். ஏன் இவ்வளவு பாடு என்று அவனைக் கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்க வர்றவங்க எல்லாரும் முதல்ல ஒண்ணு கேப்பாங்க சாமி: நீங்களே செஞ்சதான்னு" என்றான்.

இவ்விடையை நாம் எளிதில் கடந்துவிட இயலாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் என நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில் தைக்கப்படும் காலணிகள் உலகெங்கும் நடக்கின்றன. அவற்றின்மேல் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. தைத்த பெண்ணின் பெயர் இல்லை. அதை அணிபவர் எவரும் 'நீங்களே செய்தீர்களா?' என்று எவரையும் கேட்பதில்லை. அதற்கும் முன்பு, தோலைத் தொட்டவரையே தீண்டத்தகாதவர் எனத் தள்ளிய நெடுங்கால வரலாறு உண்டு. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்து, மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்றது. பாலாறு கெட்டதற்கு இழப்பீடு பேசப்பட்டது. பெயரற்றுப்போன கைகளுக்கு இழப்பீடு எங்கே?

அவன் நுரையால் கவசம் செய்து அணிவது தன்னை மறைக்கவா? இல்லை, தான் காணப்படவே. எண் பொறித்த அட்டையும் ஒரே நிறச் சீருடையும் பகலெல்லாம் அணிபவனுக்கு, அவையே வேடம். அந்த விழாவின் ஒரு நாளோ, முகமூடிக்குள் தன் முகத்தை மீட்கும் நாள். இதை உணராமல் 'அந்நிய மோகம்' என்று கடிந்துகொள்வது, நோயை விட்டு ஆடையைக் கடிவதாகும். அவன் கையின் திறனை நம் பங்கு என்றேனும் கேட்டதுண்டா? கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு ஆயத்தச் சிலையை வாங்குகிறோம். பாடுகளின் நாடகத்துக்கு உடையை நகரிலிருந்து வாடகைக்கு எடுக்கிறோம். கலைஞன் நான்காம் வரிசையில் அமர்ந்திருக்கிறான்.

ஆகவே பெற்றோருக்கு நாம் கூறுவது: பிள்ளையின் கவசத்தை உடைக்க வேண்டாம், அருகே அமர்ந்து, யார் இந்த வீரன், எதற்காகப் போரிட்டான் என்று கேளுங்கள். செலவுக்கு வரம்பு வையுங்கள். கடன் வாங்கி அணியும் வேடம் நல்ல வேடமன்று. இளைஞருக்கு: வாங்காதீர்கள், செய்யுங்கள், நிற்காதீர்கள், அவ்வீரனின் செயல் ஒன்றை அன்றேனும் செய்யுங்கள். வேடத்தைக் கழற்றிய பிறகும் உங்களிடம் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பங்குகளுக்கு: மாறுவேடப் போட்டியில் உடைக்குப் பாதி மதிப்பெண் போதும்; மறுபாதியை, குழந்தை தன் சொற்களால் அப்புனிதரின் வரலாற்றைச் சொல்வதற்கு வையுங்கள். அடுத்த தவக்காலத்தில் போர்வீரரின் கவசங்களைச் செய்யும் பொறுப்பை ஷூ கம்பெனிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். செய்தவர் பெயரைத் திருப்பலியின் முடிவில் வாசியுங்கள்.

அசிசி நகரில் ஓர் ஆலயம் உண்டு. இளைஞரான பிரான்சிஸ் தம் தந்தையின் விலையுயர்ந்த துணிகளை ஆயர் முன்னிலையில் களைந்து வைத்ததை நினைவுகூரும் திருத்தலம் அது. 2006இல் 15 வயதில் இறந்து, 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸின் உடல் அதே ஆலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஜீன்ஸும் விளையாட்டுக் காலணியும் அணிந்த கோலத்தில். கணினி விளையாட்டையும் அறிந்த சிறுவர் அவர். ஆடையைக் களைந்ததால் புனிதரானவரும், நம் பிள்ளைகளின் ஆடையிலேயே புனிதரானவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றனர். அங்கே செல்லும் ஆம்பூர்க்காரர் எவரும் முதலில் அக்காலணியைத்தான் பார்ப்பார். இதைத் தைத்த கை எதுவோ என்றும் எண்ணுவார். அந்தக் கையையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவரின் முன்னிலையில் எவருக்கும் வேடம் தேவைப்படாது. அதுவரை, நம் பிள்ளைகள் வேடம் கட்டட்டும். உள்ளே இருக்கும் ஆளைக் காணும் கண்ணை நாம் வளர்த்துக்கொள்வோம்.